வெள்ளிமலை ரவுட்டரும் நான் தட்டாத எண்டரும்

நெரிசல் நேரத்தில் குரல் அழைப்புக்கே முதல் இடம், அடுத்து வீடியோ, மற்றவை மிச்சம் இடமிருந்தால் போகலாம். இந்த வரிசையை மாற்ற எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். ரவுட்டர் அமைப்பதற்கான விதிகளில் இது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் சொல்லப்போகிற சம்பவத்துக்கும் இந்த விதிதான் பொருந்தியிருக்க வேண்டும், பொருந்தவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

நான் பேய், தெய்வம், சகுனம் எதையும் நம்பாதவன். முனியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், உடன் யார் இருந்தார்கள், வெளிச்சம் எப்படி என்று கேட்டு வெறுப்பேற்றிவிடுவேன். நீங்களும் என்னை அப்படிக் கேட்கலாம். பட்டப்பகல், நல்ல வெளிச்சம், வயிற்றில் காலையில் தின்ற நாலு இட்லி தவிர வேறொன்றுமில்லை.

தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் சும்மா இருந்தவனை, கல்வராயன் மலை அலுவலகங்களுக்கு இணைய வசதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். மலைக்குப் போகிற வழி ஒன்றுதான்; எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் யார் முன்னே போவது, யார் நிற்பது என்று ரவுட்டருக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் விதிப்படி எழுதினேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரியின் முகம் மலைமேல் வெள்ளிமலை ஊர் அலுவலகத்தின் திரையில் கட்டம் கட்டமாக உடைந்தது. கூட்டத்தின் வீடியோவுக்கே முதல் இடம், சுகாதார நிலையத்து அழைப்புகள் உட்பட மற்றதெல்லாம் பிறகு என்று ஆணை வந்தது. எழுத்தில் கேட்டேன். அரை மணியில் கையெழுத்தோடு வந்துவிட்டது. சுகாதார நிலையத்துக்கு மறுபடி முதல் இடம் தர அனுமதி கோரி ஆடியில் நானும் ஒரு கடிதம் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் ஒரு புளியமரம் சாய்ந்து பஸ்ஸும் நின்றது, கேபிளும் அறுந்தது. மிஞ்சியது மாற்று ஏற்பாடாக வைத்திருந்த மெலிந்த ஒயர்லெஸ் இணைப்பு ஒன்றுதான். அதைச் சோதிக்க முந்தின நாளே வெள்ளிமலைக்கு வந்திருந்த நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ரவுட்டர் இருந்தது சுகாதார நிலையத்தின் மருந்துக் கிடங்கில். ஊரில் பேட்டரி உயிரோடிருந்த ஒரே இன்வெர்ட்டர் அங்கேதான். ஒரு பக்கம் குளுக்கோஸ் பெட்டிகள், மறுபக்கம் சுவர், சுவருக்கு அப்பால் பிரசவ அறை.

அன்று பிரசவ அறையில் செல்வி என்ற பெண். ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். நர்ஸ் ஸ்டெல்லா, திருநாவலூர்ப் பக்கத்துக்காரர், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி டாக்டரை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்துகொண்டிருந்தார். எதிரே இருந்த அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா கையுறையோடு கிடங்கு வாசலுக்கு வந்து நின்றார்.

"சார், மேடம் பேசறது ஒரு வார்த்த வருது, நாலு வார்த்த வரல. புள்ள தல எறங்கிக்கினு இருக்கு. அந்த மீட்டிங்குல இன்னாதான் சார் பேசறாங்க?"

ஆடு வளர்ப்புக் கடன் என்றேன். பிறகு, என் புத்தி அப்படி, அனுமதி கேட்டு ஆடியிலேயே எழுதியிருக்கிறேன், பதில் வரவேண்டும் என்றும் சொன்னேன்.

"அப்ப பதில் வர்ற வரைக்கும் புள்ளய உள்ளயே இருக்கச் சொல்லட்டுமா சார்?"

அவர் திரும்பிப் போவதற்குள் நான் லேப்டாப்பை ரவுட்டரில் செருகிவிட்டேன். விதியாவது ஒன்றாவது என்று மேலதிகாரியின் ஆணையை ஓரம் தள்ளி, சுகாதார நிலையத்துக்கு முதல் இடம் என்று மளமளவென்று அடித்தேன். எண்டர் தட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது என் வழக்கம். படித்துக்கொண்டிருந்தேன்.

நம்பினால் நம்புங்கள், எண்டரை நான் தட்டவில்லை. சுவருக்கு அப்பாலிருந்து டாக்டரின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. ரவுட்டரில் எழுதியிருந்த ஆணையை வரவழைத்துப் பார்த்தேன். கூட்டத்துக்கே முதல் இடம், ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் திரையில் ஓடும் எண்களில் கூட்டம் அசையாமல் நிற்கிறது, டாக்டரின் அழைப்பு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அலுவலகத் திரையில் மேலதிகாரி ஒரு கையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி உறைந்துபோனாராம். கூடியிருந்தவர்கள் ஆசீர்வாதம் வாங்குகிறவர்கள்போல் அவர் முன்னால் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

இதுவரைக்கும்கூட ஏதோ கோளாறு என்று நான் ஃபைலை மூடியிருப்பேன். அடுத்ததுதான் மூட விடவில்லை.

"கழுத்துல ஒரு சுத்துதான் ஸ்டெல்லா, பதறாதே. கொடிய விரலால தளர்த்தி, தல மேல எடுத்து விட்டுடு" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகுதான் ஸ்டெல்லாவின் குரல்: "மேடம், கழுத்துல கொடி சுத்திக்கினு இருக்கு, இன்னா பண்ணட்டும்?"

பிறகு டாக்டர், "நல்லா அழறா பாரு. இனிமே பயமில்ல" என்றார். அறையில் அழுகையே இல்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் குழந்தை அழுதது.

வரிசையை எப்படி எழுதினாலும் காத்திருப்பைத்தான் குறைக்க முடியும். இன்னும் அனுப்பாத ஒன்றுக்குப் பதிலைக் கொண்டுவர எந்த ரவுட்டராலும் முடியாது.

மரம் அகற்றியதும் கீழே வந்து டாக்டரிடம் விசாரித்தேன். "அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். அழற சத்தம் கேட்டுது, அழறான்னேன். இதுல என்ன சார் இருக்கு?" என்றார். ஸ்டெல்லாவோ, "எது முன்ன எது பின்னன்னு யாரு சார் பாத்தா? வாய் ஜெபம் பண்ணிக்கினு இருந்துச்சு, கை வேல செஞ்சிக்கினு இருந்துச்சு" என்றார். செல்வியின் கணவன் அண்ணாமலைக்குச் சந்தேகமே கிடையாது, எல்லாம் மலைச்சாமி கரியராமர் செயல். அலுவலகம் மட்டும் என் செயல் என்று முடிவுகட்டி விளக்கம் கேட்டது. நான் எதையும் மாற்றவில்லை, தானாக நடந்தது என்று உண்மையை எழுதி அனுப்பினேன். அதற்கும் பதிலில்லை.

பதில் ஒருவழியாக வந்தது. சுகாதார நிலையத்துக்கு முதல் இடம் கோரிய என் கடிதம் ஏற்கப்பட்டதாம். அன்று தாங்கள் செய்த அதே அமைப்பை மலையிலுள்ள மற்ற சுகாதார நிலையங்களிலும் செய்துவிட்டு, அதன் நகலை உடனே அனுப்பவும் என்றும் இருந்தது. எதன் நகலை அனுப்புவது? விதிப்படி நானே ஒன்று எழுதி எல்லா இடத்திலும் போட்டேன். குரல் உடையாமல் வருகிறது. கேட்ட பிறகுதான் பதில் வருகிறது. ஆனால் வெள்ளிமலைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரோரம் கொஞ்ச நேரம் நிற்கிறேன். எதற்கு என்று ஸ்டெல்லா கேட்டால் பேட்டரியைப் பார்க்கிறேன் என்கிறேன்.

அந்தக் கடிதம் செல்போனில் வந்தபோது நான் மலை ஏறும் பஸ்ஸில் இருந்தேன், செல்வியின் மகளுக்குக் காது குத்து. மறு வருஷத்து ஆவணி முதல் ஞாயிறு. அலுவலகம் பூட்டியிருக்கும் ஞாயிறு.