துரைக்கு வாங்கிய களிம்பு

ஐம்பதை நெருங்கும் வயதில் என் அண்ணனுக்கு முகப்பரு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும். அதற்காக அவர் பூனையைக் குற்றவாளி ஆக்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பது நான். முன்னால் நின்று, வருகிறவர்களுக்கு மாட்டிப் பார்த்து, காதோரக் கம்பியை வளைத்து, மூக்கில் அழுத்துகிறதா என்று முகத்துக்கு முகம் குனிந்து பார்ப்பது அவர். கையில் அப்படி ஒரு நிதானம். அதில் கால்வாசி புத்தியில் இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்? எதையும் யாரிடமும் கேட்க மாட்டார். குழாய் ஒழுகினால் தானே முறுக்கி, வீடெல்லாம் தண்ணீரான பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார். அப்புறம் பாவம்போலத் துணியை எடுத்துக்கொண்டு துடைப்பார், திட்டவும் மனசு வராது.

பூனை அண்ணியுடையது. நடையைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் துரை. அண்ணிக்குக் காது மந்தம். காதுக் கருவியின் இரைச்சல் பிடிக்காமல் வீட்டில் கழற்றி வைத்துவிடுவார். பெல் அடித்தால் துரை வாசலுக்கு ஓடும். அது ஓடுவதைப் பார்த்து அண்ணி எழுந்து போய்க் கதவைத் திறப்பார். அண்ணனுக்குச் சாவி எடுத்துப் போகிற வழக்கமே கிடையாது.

"உங்க அண்ணிக்கு மத்ததெல்லாம் கேக்காது, பெல் மட்டும் நல்லா கேக்கும்" என்பார் பெருமையாக.

"அது துரை செய்ற வேலைண்ணே" என்று நான் சொன்னால், "பூனையாவது, கதவு திறக்கிறதாவது!" என்று சிரிப்பார்.

கொஞ்ச நாள் முன்பு துரைக்குக் காதோரம் முடி கொட்டிச் சொறி வந்தது. ஏதோ பூச்சி என்று சொல்லி, பூனை டாக்டர் சொட்டு மருந்தும் அரிப்புக்கு ஒரு களிம்பும் கொடுத்தார். துரை தேறிவிட்டது. அந்த நேரம் பார்த்தா அண்ணன் கன்னத்தில் இரண்டு பரு கிளம்ப வேண்டும்? போனைத் தடவினார். முகத்தின் மயிர்க்கால்களுக்குள் பூச்சிகள் குடியிருக்கும் என்று எங்கோ படித்துவிட்டார். போதாதா?

படுக்கையறைக்குள் துரை வரக்கூடாது. சோபாவில் ஏறக்கூடாது. தலையணை உறைகளைத் தினமும் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பரு குறைந்ததா என்றால், நெற்றிக்கும் தாடைக்கும் பரவியது. கடையில் ஒரு பெண் அவர் குனிந்ததும் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து முகக்கவசம், கை நீட்டும் தூரத்தில் நின்று அளவு. மாட்டிவிட்ட கண்ணாடிகள் கோணிக்கொண்டு திரும்பி வந்தன. எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது இன்னொரு பக்கம்.

தோல் டாக்டரிடம் போகலாம் என்று மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தேன். போகிற அன்று காலையிலேயே துரையை அட்டைப்பெட்டியில் போட்டு, நண்பரின் கிடங்கில் விட்டுவிட்டு வந்து நிற்கிறார்!

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே ஏன்ணே?"

"அவரும் அதைத்தானே சொல்லப் போறாரு?"

அண்ணி துரையின் களிம்பு டியூபை என் கையில் கொடுத்து, "டாக்டர் கேட்டா காட்டு. இப்பல்லாம் சீக்கிரம் தீந்துபோகுது" என்றார். கண் கலங்கியிருந்தது.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அரிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"பூனைப் பூச்சி ஒட்டினா கையிலயும் வயித்துலயும் அரிச்சுத் தள்ளும். பூனைக்கு வைத்தியம் பண்ணிட்டா, கொஞ்ச நாள்ல நமக்கும் அடங்கிடும். நம்ம மேல அதால காலம் தள்ள முடியாது. நீங்க படிச்ச மயிர்க்கால் பூச்சி வேற. அது மனுஷனோட சொந்தப் பூச்சி, எல்லார் மூஞ்சியிலயும் கொஞ்சம் இருக்கும். சரி, முகத்துக்கு என்ன போடுறீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

எனக்குச் சட்டென்று உறைத்தது. பையிலிருந்து டியூபை எடுத்தேன். நடுவில் பிதுங்கி வளைந்திருந்தது. எங்கள் வீட்டில் பற்பசையைக்கூட நடுவில் பிதுக்குகிறவர் ஒரே ஒருவர்தான்.

"அண்ணே, இதை மூஞ்சில போடுறீங்களா?"

"அது மருந்து இல்லம்மா. பூச்சி வரக்கூடாதுன்னு ஒரு முன்னெச்சரிக்கை. காலையிலயும் ராத்திரியும் லேசா..."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணனிடமே நீட்டினார். "கடைசி வரியைப் படிங்க."

கடையில் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லி வருகிறவர்களையெல்லாம் படுத்துகிற மனிதர், வாய்க்குள்ளேயே படித்தார். "விலங்குகளுக்கு மட்டும்."

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. தினமும் மூஞ்சில தடவினா இப்படித்தான் பரு மாதிரி கிளம்பும். முதல்ல வந்த ரெண்டு தானாவே போயிருக்கும். மிச்சமெல்லாம் நீங்க வரவழைச்சது. நிறுத்தினதும் கொஞ்சம் அதிகமாகும், பயப்படாதீங்க. நான் எழுதித் தர்றதை மட்டும் போடுங்க."

வெளியே வந்ததும் அண்ணன் நேராகக் கிடங்குக்குப் போனார். துரை மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. தரையில் மண்டியிட்டுக் கெஞ்சி, கையில் கீறல் வாங்கிக்கொண்டு, பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் நின்று பெல்லை அழுத்தினார். கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பெட்டிக்குள் துரை எழுந்து பிராண்டியது. ஜன்னல் வழியே பார்த்தால், அண்ணி மேஜையருகே உட்கார்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டியபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, இவளுக்குக் கேக்கலையா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பெல்லிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

சாவி என் பையில் இருந்தது. நான் உடனே எடுக்கவில்லை.