வெயிலில் போட்ட கோட்டு

பாச்சா உருண்டையின் நெடி மூக்கில் ஏறுவதற்கு முன்னால் தொண்டையைப் பிடிக்கும். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், என் பள்ளிக்கூட நாட்கள் முழுவதும் நான் அந்த நெடியோடுதான் நடமாடினேன். என் சட்டை, என் போர்வை, என் சரித்திரப் புத்தகம், மழைக்காலத்தில் என் தயிர்சாதம் வரைக்கும் அது இறங்கியிருந்தது. வகுப்பில் எனக்குப் "பாச்சா" என்றே பெயர். பல வருடங்கள் கழித்து, நாலு புத்தகம் எழுதி, மதுரையில் ஒரு சின்னக் கூட்டத்தில் யாரோ எனக்குத் துண்டு போர்த்தியபோது பின்வரிசையிலிருந்து "ஏய் பாச்சா" என்று ஒரு குரல் வந்தது. இலக்கியத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான அங்கீகாரம் அதுதான்.

நெடிக்குக் காரணம் அப்பாவின் கோட்டுகள். அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். லீவு விட்டால் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கடல் தாண்டிப் போகிறவர்கள் விட்டுச் சென்ற துணிமணிகளை ஏலத்தில் எடுத்து, இரும்புப் பெட்டியில் அடைத்துக்கொண்டு இறங்குவார். மற்ற நாட்களில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓய்வுபெற்ற பெரிய மனிதர்களின் வீடுகள். அரசரடியில் ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் வீட்டில் மூன்று பேர் வசித்தோம் என்று ரேஷன் கார்டு சொல்லும். உண்மையில் "டின்னர் கோட்டு", பின்னால் பிளந்து தொங்கும் "வால் கோட்டு", வெள்ளைக்காரச் சீமாட்டிகள் ராத்திரி விருந்துக்குப் போட்ட மணி கோத்த கவுன்கள் என்று ஒரு பெரிய கூட்டம் ஆணிகளில் தொங்கிக்கொண்டு வசித்தது, அவற்றுக்கு இடையே கிடைத்த சந்தில் நாங்கள் குடியிருந்தோம். கோட்டு ஒன்று கைக்கு வந்தால் அப்பா அதன் முகத்தைப் பார்க்கவே மாட்டார். உள்ளே திருப்பி, லைனிங்கைத் தடவி, விறைப்புக்காக உள்ளே வைத்த கேன்வாஸ் துணி கையால் தைத்ததா பசை போட்டு ஒட்டியதா என்று விரலாலேயே கண்டுபிடிப்பார். "வெளிய எல்லாருமே நல்லாத்தான்டா இருப்பாங்க" என்பார், பொதுவாகச் சொல்வதுபோல. அப்போது பெரும்பாலும் எங்கள் தலைமையாசிரியர் தெருவில் போய்க்கொண்டிருப்பார்.

வாங்க வருகிறவர்கள் கல்யாண மாப்பிள்ளைகள். எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் கோயிலில் கைபிடிக்கும்போது போட. மற்றவர்கள் ரிசப்ஷன் மேடையில் நின்று வேர்க்க. புதுசாகத் தைத்தால் வராத ஒரு கம்பீரம் பழைய லண்டன் தையலில் வரும் என்பதை அப்பா பேச்சாலேயே நிரூபித்துவிடுவார். கவுன்கள்தான் விலைபோகாது. அதனால் அவற்றைக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இரவல் கொடுத்தோம். எங்கள் சபையில் பல வருடங்கள் குழந்தை இயேசுவைப் பணிந்துகொண்ட மூன்று கீழ்த்திசைச் சாஸ்திரிகளும் கொடைக்கானல் துரைசானிகளின் உடையில்தான் வந்தார்கள். முதுகு முழுக்கத் திறந்திருந்த ஒரு பச்சை வெல்வெட் கவுன் என் பங்குக்கு வந்தது. சபையாருக்கு முதுகைக் காட்டாமல் பெத்லகேமிலிருந்து பக்கவாட்டில் நடந்தே வெளியேறினேன்.

அம்மாவுக்கு இந்த வியாபாரத்தில் ஒரு வேலை இருந்தது. அதற்குப் "பேர் பிரிக்கிறது" என்று பெயர். அந்தக் காலத்துக் கோட்டுகளில் உள்பைக்கு மேலே சொந்தக்காரர் பெயரின் முதல் எழுத்துகளை நூலால் போட்டிருப்பார்கள். இன்னொருத்தன் பெயரை நெஞ்சில் வைத்துக்கொண்டு எந்த மாப்பிள்ளையும் தாலி கட்டமாட்டான் அல்லவா? அம்மா ஊசி நுனியால் ஒவ்வொரு இழையாக நெம்பி, பட்டு லைனிங் கிழியாமல் பெயரை எடுத்துவிடுவாள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக் கோட்டை ஒருவர் ஆயுளில் இரண்டு தடவைதான் போடுவார். முதல் தடவை கல்யாணத்துக்கு; இரண்டாவது தடவை அவர் போட்டுக்கொள்வதில்லை, மற்றவர்கள் போட்டுவிடுவார்கள். நடுவில் உள்ள காலமெல்லாம் அது பெட்டிக்கடியில் பாச்சா உருண்டையோடு படுத்திருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, பண்டிகை முடிந்ததும் கொடியில் வெயிலுக்குப் போடுவார்கள். வேறு நாட்களில் ஒரு பெரியவர் தன் கோட்டை வெயிலில் போடச் சொன்னால், வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

வாடிப்பட்டியில் தேவசகாயம் வாத்தியார் என்று ஒருவர். அவர் மகன் ஜெபராஜ் வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை ஒழித்தபோது, அப்பாவுக்குச் சொல்லியனுப்பிக் கருநீலக் கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வாத்தியாரின் கல்யாணத்துக்குப் பரிசளித்த துணி. உள்பைக்கு மேலே சிவப்பு நூலில் "தே". அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு வழியெல்லாம் பேசாமல் வந்தார்; அவ்வளவு நல்ல கோட்டு. வாத்தியாரைக் கேட்டாரா என்று அப்பா விசாரிக்கவில்லை, மகன் சொல்லவுமில்லை. அம்மா பெயரைப் பிரித்தாள். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் மூத்த பையன் ரிசப்ஷனுக்கு அதை வாங்கிப் போனான்.

அந்தக் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் ஜெபராஜ் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, அந்தக் கோட்டு இருக்கா?"

"எந்தக் கோட்டு?"

"அப்பா கோட்டு. படுத்த படுக்கையாக் கெடக்காரு. கோட்ட எடுத்து வெயில்ல போடுங்கன்னு ஒரே அனத்தல்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். "ஏம்ப்பா, அவரக் கேக்காமயா குடுத்த?"

"எப்பப் பாரு பெட்டிக்குள்ளதான கெடந்துச்சு" என்றார் ஜெபராஜ்.

மறுநாளே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சோழவந்தானுக்குப் போனோம். பதிலுக்குக் கொடுக்க அப்பா தன் சேகரிப்பிலேயே உசத்தியான டின்னர் கோட்டை எடுத்துக்கொண்டார். காலரில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி வாங்கிவிட வேண்டும். இது அம்மாவின் யோசனை. பஸ்ஸில் அப்பா அதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அந்த வீட்டில் எங்களைப் பாயில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்து, தாம்பாளத்தில் அன்று கிள்ளிய வெற்றிலையை வைத்து, "ஒங்க கோட்டப் போட்டு நின்னான் பாருங்க, கலெக்டராட்டம்" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்ததும், அப்பாவுக்குப் பொய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டார். ஒரு பெரியவர் சாகக் கிடக்கிறார், அவருக்குப் போட்டு அடக்கம் செய்ய அந்தக் கோட்டு வேண்டும் என்று.

நிலைப்படியில் நின்ற புதுப்பெண் மெல்ல உள்ளே போனாள்.

"எம்புள்ள போட்டு நின்னது பொணத்துக்கு வச்சிருந்த கோட்டா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, கல்யாணக் கோட்டுதான். எங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே கோட்டு" என்றார் அப்பா. உலகத்தில் அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அதுதான். அதைத் தேடிப்பிடித்துச் சொன்ன சாமர்த்தியம் எனக்கும் வந்திருக்கிறது. அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் தூணில் சாய்ந்தபடி கேட்டார்: "கல்யாணத்தன்னைக்கே கருமாதிக்கும் சேத்துத் துணி எடுத்துருவீகளாண்ணே? சிக்கனமாத்தான் இருக்கு."

அப்பா டின்னர் கோட்டை விரித்துக் காட்டினார். அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"அய்யா, நீங்க நல்ல மனுசரு. இல்லாட்டி இத எங்கிட்டச் சொல்லிருக்க மாட்டீக. ஆனா எம்புள்ள வேர்வை பட்ட துணிய ஒரு குழிக்குள்ள போட நான் விடமாட்டேன். நீங்களே சொல்லுங்க, விடலாமா?"

அப்பா தன் மகன் இருந்த பக்கம், அதாவது கலர் பாட்டிலின் அடியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த என் பக்கம், ஒரு தடவை பார்த்தார். "விடக்கூடாதும்மா" என்றார். எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் அம்மா மட்டும் "தையல்னு சொல்லிருந்தா குடுத்திருப்பாக" என்றாள், வாடிப்பட்டிக்குப் பிரியும் ரோடு வந்தபோது.

அன்று சாயங்காலம் அப்பா எங்கள் வீட்டில் விற்பனைக்கு இல்லாத ஒரே கோட்டை எடுத்தார். அவருடையது. அதுவும் கருநீலம்தான், நயத்தில் ஒரு மாற்று குறைவு. அம்மா சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேரின் பெயர்களைப் பிரித்த கை, முதல் தடவையாக ஒரு பெயரைப் போட்டது. "தே".

வாடிப்பட்டியில் பாதி கட்டிய வீட்டின் முற்றத்தில், வாத்தியார் சன்னல் வழியாகப் பார்க்கும்படி அதைக் கொடியில் போட்டார்கள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொண்டுவரச் சொல்லி, மடியில் வைத்து, அப்பா செய்வதைப் போலவே உள்ளே திருப்பி, சிவப்பு எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"நல்ல கோட்டு" என்றார். அப்புறம் அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "யாரோடது?" என்றார்.

"ஒங்களோடதுதான் சார்."

வாத்தியார் மகனைப் பார்த்தார். ஜெபராஜ் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார் வாத்தியார்.

அந்த வாரமே அடக்கம். விறைத்துப்போன உடம்புக்குக் கோட்டு மாட்ட முடியாது. முதுகில் காலரிலிருந்து கீழ்வரை கத்தரித்து, முன்னாலிருந்து போட்டுச் செருகிவிடுவார்கள். கத்தரிக்கோலை அப்பாவிடம் நீட்டினார்கள், கோட்டு விஷயம் தெரிந்தவர் என்று. "நம்மால ஆகாதுப்பா" என்று வெளியே போய் நின்றுகொண்டார். தன் கல்யாணக் கோட்டு கிழிபடும் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. நானும் அம்மாவும் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

ஆவணியில் சோழவந்தான் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். "தப்பா எடுத்துக்கிடாதீகண்ணே. வீட்ல வச்சிருக்கவும் மனசில்ல, எரிக்கவும் மனசில்ல. பொதைக்க மட்டும் வேணாம், வேற என்ன வேணாலும் பண்ணிக்கங்கன்னு அம்மா சொல்லுச்சு." உள்ளே வாத்தியாரின் கோட்டு, இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு வியாபாரம் ஓடவில்லை. ஊர் ஒதுக்கியதால் அல்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் "இதப் போட்டவர் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இருக்கிறார் என்றால் அவரையே கூப்பிடச் சொல்வார், இல்லை என்றால், "அப்ப ஏன் இது இங்க கெடக்கு?" என்பார். இப்படி ஒரு ஆளுக்கு யார் பழைய துணி விற்பார்கள்? ஆணிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கவுன்களைச் சபையே வைத்துக்கொண்டது. வீடு பெரிதானது, எங்களுக்குத்தான் அதில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

போன வருடம் அப்பா போனார். கொஞ்ச நாள் முன்னாலேயே அடக்கத்துக்கு அவருக்கு என்ன போடுவது என்ற பேச்சை நான் மெதுவாக எடுத்தேன். வாத்தியார் கோட்டு பீரோவில் சும்மாதானே இருக்கிறது, அந்தச் சோழவந்தான் அம்மாவும் இப்போது இல்லை என்று. அப்பா சிரித்தார். "சொன்ன சொல்லு இருக்குல்ல. அதோட, மேல போனா மொதல்ல வாத்தியாரைப் பாக்கணும். அவரு கோட்டையே மாட்டிக்கிட்டா போயி நிப்பேன்?"

சவப்பெட்டிக் கடையில் இப்போது இதற்கென்றே கோட்டு கிடைக்கிறது. முன்பக்கம் மட்டும்தான், பின்னால் நாடா வைத்துக் கட்டிவிடலாம். முதுகு கிடையாது, உள்பை கிடையாது, லைனிங் கிடையாது. ஆயுள் முழுக்கக் கோட்டை உள்ளே திருப்பிப் பார்த்தவர், திருப்பினால் ஒன்றுமே இல்லாத ஒரு கோட்டில் படுத்திருந்தார். வேறு எதையாவது தேடி அலைந்திருக்கலாம். மண்டபத்துக்கு மண்டபம் வாடகைக்குக் கோட்டு தருகிறார்கள். சாயங்காலம் போட்டுக் காலையில் திருப்பித் தரவேண்டும். திருப்பித் தரவேண்டிய கோட்டு அப்பாவுக்கு உதவாது. பெட்டிக்கடியில் ஒரு மனிதனுக்காகக் காத்துக்கிடக்கும் கோட்டு இனி இந்த ஊரில் எந்த வீட்டிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மகள் சென்ற மாதம் பீரோவில் அதைக் கண்டுபிடித்தாள். "விண்டேஜ்ப்பா இது" என்றாள். போனில் போட்டால் பெங்களூர்க்காரர்கள் அடித்துப்பிடித்து வாங்குவார்களாம். சன்னலோரம் தொங்கவிட்டு, முன்னால், பின்னால், கையோரம் என்று படம் எடுத்தாள். வெயில் நன்றாக விழுந்திருந்தது. படத்துக்குக் கீழே என்ன எழுதட்டும் என்றாள். "பொதைக்கக் கூடாதுன்னு எழுது" என்றேன். என் எழுத்துக்குச் சிரிக்காதவள் அதற்குச் சிரித்தாள்.

கடைசியாகக் கோட்டை உள்ளே திருப்பினாள். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. லைனிங்கைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"என்னப்பா இது, பொடிப்பொடியா ஓட்டை? பூச்சி அரிச்சிருக்கு."

"பூச்சி இல்லம்மா" என்றேன். "அது ஒருத்தர் பேரு."

அவள் போனைக் கீழே வைத்தாள். கோட்டு அங்கேயே, வெயிலில், சாயங்காலம் வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.