எழுந்துகொள்ளப் பார்க்கிற மனிதன்: மாமல்லபுரத்தில் ஒரு படம்

2006 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை. மாமல்லபுரம் போனது சிற்பம் பார்க்க அல்ல. படம் பார்க்க.

என் அறைத்தோழன் சாதிக்குக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. பத்தொன்பது நாளாகப் போகவில்லை. காலை ஆறே முக்காலுக்கு அலுவலக வண்டி வந்து ஹாரன் அடிக்கும். விழித்தபடி போர்வைக்குள் கிடப்பான். திங்கட்கிழமைக்குள் மருத்துவச் சான்று தராவிட்டால் வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. வெளியே இழுத்துப்போனால் சரியாகிவிடும் என்று நம்பினேன். என்ன படம் என்றுகூட விசாரிக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து. 29 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், தலைக்கு ஒன்பது ரூபாய். ஜன்னலோரம் அவனுக்கு. அவன் வெளியே பார்க்கவில்லை. இறங்கியதும் மழை. ஆட்டோ இருபது ரூபாய். ஒரு விடுதியின் மாடிக்கூடத்தில் திரையிடல், அனுமதி இலவசம். மழை விடட்டும் என்று ஆட்டோக்காரரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அவரைச் சேர்த்துப் பதினொரு பேர்.

மூன்று மணிக்குத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை. வசனம் மிகக் குறைவு. ஓர் அறை, ஒரு மனிதன். நாற்பதாவது நிமிடம் வாக்கில் அவன் கட்டில் விளிம்பில் உட்கார்கிறான். ஒரு காலில் காலுறை, மற்றது கையில். அப்படியே இருக்கிறான். நிமிடங்கள்.

“இன்னா அண்ணாத்த, டிஸ்க்கு மாட்டிக்கிச்சா? எடுத்து பனியன்ல தொடைச்சுப் போடு” என்றார் ஆட்டோக்காரர். எல்லோரும் சிரித்தோம். திரையிடலை நடத்துகிறவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எழுந்துபோய் டிவிடி பெட்டியில் கை வைத்தார்.

“கை வெக்காதீங்க. படம் ஓடிக்கினுதான் கீது.”

சாதிக். அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம்.

“எங்கப்பா ஓடுது? சும்மா குந்திக்கினு கீறான்.” ஆட்டோக்காரர் விடவில்லை.

“குந்தல. எழுந்துக்கப் பாக்குறான்.”

நடத்துகிறவர் கையை எடுத்தார். திரையில் ஜன்னல் துணி லேசாக அசைந்தது. டிஸ்க் நிற்கவில்லை.

மிச்ச நேரம் நான் படத்தைப் பார்க்கவில்லை. பத்தொன்பது காலைகளிலும் “எருமை, எழுந்திரு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவன் நான்.

ஐந்தேகாலுக்கு முடிந்தது. மழை விட்டிருந்தது. கடற்கரைக்கு நடந்தோம். ஈர மணல்.

“உனக்கு எத்தினி நேரம்டா ஆவும்?” என்றேன்.

“பல்லு வெளக்கவே பத்து மணி ஆயிடும், மச்சான்.”

“ஜுரம்னு எழுதி வாங்கிடலாம். தெரிஞ்ச டாக்டர் கீறாரு.”

“ஜுரம் இல்லியேடா.” என்றான். “மனசு டாக்டராண்டயே போலாம். நீ பேசு. எனக்கு வார்த்த வராது.”

“இன்னான்னு சொல்லட்டும்?”

“எழுந்துக்க முடியலன்னு சொல்லு.”

படம் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு: இடைவேளை கிடையாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஏழு மணிக்குமேல் செங்கல்பட்டுக்குப் பேருந்து குறைவு.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்: அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எட்டு மணிக்கே போய்விட வேண்டும் என்பார்கள். அதற்காக ஆறு மணிக்குப் போர்வையை உருவாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். திங்களன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால்.

அப்போதும் வெளிநோயாளிச் சீட்டு கொடுத்தார்கள்.