பத்திரம் யார் பேரில்

அப்போது நான் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்திரண்டு. கல்யாணப் பேச்சை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் நானும் இருந்த வாடகை வீட்டில் மழைக்காலம் முழுக்கச் சுவர் கசிந்துகொண்டே இருக்கும். எங்காவது சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அக்காவின் கணவர் தபால் ஆபீசில் குமாஸ்தா. அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காவோடு வந்தவர், அடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கேழ்வரகு வயலை வீடு கட்டும் சைட்டாகப் பிரித்து விற்கிறார்கள் என்றார். முப்பதுக்கு நாற்பது அடி. விலை நானூற்றைம்பது ரூபாய். என்னிடம் இருநூற்றைம்பதுதான் இருந்தது.

"மீதியை நான் தரேன். வட்டி ஒண்ணும் வேணாம்," என்றார். "பத்திரத்தை மட்டும் இப்போதைக்கு என் பேர்ல போட்டுக்கலாம். நீ மெதுவா கட்டி முடிச்சதும் உன் பேருக்கு மாத்திடலாம்."

"இப்பவே என் பேர்ல போட்டா என்ன மாமா?"

"நிலம் தண்டுக்கு வெளியில இருக்கு, அது மைசூர் சர்க்கார் ஆபீஸ்மா. தனியா ஒரு பொம்பளை போய் நின்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

அம்மாவுக்கு நன்றியில் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அந்த வட்டியில்லாத இருநூறு ரூபாய் தொண்டையில் மீன் முள் மாதிரி உறுத்தியது. மாமா கெட்டவர் இல்லை. ஆனால் காரணம் இல்லாமல் யாருக்கும் ஒரு வெற்றிலைகூட நீட்ட மாட்டார்.

பள்ளி ஆசிரியைகளும் சர்க்கார் குமாஸ்தாக்களும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருந்தது. நூறு ரூபாய்க்கு மாதம் பத்தணா வட்டி. உறுப்பினர் இருவர் ஜாமீன் போட வேண்டும். கடன் விண்ணப்பப் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று முறை படித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி பிடிக்கவில்லை. மறுநாள் செயலாளரிடமே போய்க் கேட்டேன்.

"தவணை தவறினா சம்பளத்துல பிடிப்போம்னு அர்த்தம் டீச்சர். நிலத்தைத் தொடமாட்டோம்."

"அதை எழுதித் தருவீங்களா?"

சிரித்தார். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஜட்கா பிடித்து நிலத்தைப் பார்க்கப் போனேன். நிலக்காரர் சந்தாபுராவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானூற்றைம்பதில் ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்டேன். அவள் கை நின்றது.

"நானூறுன்னுதானேம்மா பேச்சு. ஜாஸ்தி யாரு சொன்னது?"

நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது என்று சமாளித்துவிட்டுக் கிளம்பினேன். வழி முழுக்க அந்த ஐம்பது ரூபாய்தான் மனத்தில். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அடுத்த ஞாயிறு மாமாவிடம், "நானே போய் விசாரிச்சேன் மாமா. நானூறுதானாம்," என்றேன்.

"அப்படியா? அப்ப நான் பேசினதுல இறங்கி வந்துட்டான்," என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

சங்கத்திலேயே கடன் வாங்கப்போவதாகச் சொன்னேன். அக்காவின் குரல் உடைந்தது. "எங்க மேல நம்பிக்கை இல்லியாடி?"

"என் பேர்ல இருக்கணும்னு ஒரு ஆசைக்கா," என்றேன். பாதி உண்மை அது.

தையல் டீச்சர் முதல் ஜாமீன் போட்டாள். இரண்டாவதாகக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்ன கணக்கு டீச்சரை அவள் கணவர் கடைசி நாளில் தடுத்துவிட்டார். மறுநாள் பணம் கட்டாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். விஷயம் அம்மா மூலம் அக்கா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சாயங்காலம் பள்ளி வாசலில் மாமா நின்றிருந்தார். அவரும் சங்கத்தில் உறுப்பினர்.

"பாரத்தைக் கொடு. நான் போடறேன்."

கொடுப்பதற்கு முன் அவர் கண் முன்னாலேயே அதை இன்னொரு தடவை படித்தேன். ஜாமீன் போடுகிறவருக்கு நிலத்தில் ஏதாவது பாத்தியதை வருமா என்று வரி வரியாகத் தேடினேன். வராது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு பொறுமையாக நின்றார்.

"ஆச்சா?" என்று கேட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரப் பதிவு ஆபீசில் அதிகாரி என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்: என் பெயர், அப்பா பெயர்.

கடனை இரண்டரை வருஷத்தில் அடைத்தேன். மாமாவுக்கு ஒரு தவணைகூடத் தொந்தரவு வரவில்லை. அந்த ஐம்பது ரூபாயை அவர் தனக்காகச் சேர்த்துச் சொன்னாரா, நிலக்காரர் உண்மையிலேயே இறங்கி வந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டாரோ, பாசத்தில் போட்டாரோ, அதுவும் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு அந்த நிலத்தில் நான் கட்டிய புது வீட்டுக்கு அவர் அடிக்கடி வருவார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் அவர் இருக்கும் நேரத்தில் பத்திரம் வைத்த பெட்டியை நான் திறந்ததில்லை.