கீழ்த்தட்டுப் புடவை

1988 அக்டோபர் 25, செவ்வாய்க்கிழமை. காலையில் இட்லி. செவ்வாய் என்பதால் மீன் இல்லை, மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு. சாயங்காலம் அம்மா எனக்குத் தலைவாரிவிட்டு, தீபாவளிப் பாவாடைத் துணி எடுக்கக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பாவின் தங்கையான என் அத்தை, நாங்கள் போன ஜவுளிக்கடையில்தான் புடவைப் பிரிவில் வேலை பார்த்தாள்.

முன்பெல்லாம் அங்கே தரையில் மெத்தை விரித்து, உட்கார்ந்துதான் துணி காட்டுவார்கள். ஒருமுறை பாண்டிச்சேரி போய் வந்த முதலாளி, மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கவுண்டர் போட்டார். அதோடு உட்காருவதும் போயிற்று. துணி வாங்க வருபவர்களுக்கு மட்டும்தான் நாற்காலி. மறந்துபோய் உட்கார்ந்த ஒரு பெண்ணை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்.

அத்தையும் கூட இருந்த மூன்று பெண்களும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். "கீழ்த்தட்டுல புதுசா வந்திருக்குங்கக்கா" என்று சொல்லிக் கவுண்டருக்குப் பின்னால் இறங்கிவிடுவார்கள். தேடுவதற்குச் சற்று நேரம் ஆகும். உட்கார்ந்து தேடினால் இன்னும் கொஞ்சம் ஆகும்.

கூட்டம் சேர்க்க முதலாளி கடை முகப்பில் டிவி வைத்திருந்தார். அன்று அதில் ஒரு சிரிப்பு நாடகம். ஜவுளிக்கடைக் கதை. அதிலும் ஒரு முதலாளி, அதிலும் உட்காரத் தடை. எங்கள் முதலாளிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"எதிர்க்கடைக்காரன அப்படியே புடிச்சிருக்கான்யா!"

பிறகு நாடகத்துப் பெண், "கீழ்த்தட்டுல பாக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு மெல்ல மறைந்தாள். பார்த்தால், தரையில் கால் நீட்டி முறுக்கு தின்றுகொண்டிருக்கிறாள். கடையே சிரித்தது. முதலாளியின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தார். எல்லோர் கண்ணும் டிவியில் இருந்த நல்ல சமயத்தில், புடவைக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு தலையையும் காணோம்.

"என்னா, நாலு பேருக்கும் கீழ்த்தட்டுதானா?"

நான்கு தலைகளும் ஒன்றாக எழுந்தன. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, நாற்காலியை விட்டு அசையாமலே பேசினார்.

"அதுவள ஏன் தம்பி வையிறீங்க? நாந்தான் கீழ எடுக்கச் சொன்னேன். நீ நல்லா உக்காந்தே தேடும்மா, எனக்கொண்ணும் அவசரமில்ல."

அவர் அதுவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"எங்களுக்கும் கீழ்த்தட்டுதாங்க" என்றாள் என் அம்மா. அப்புறம் ஆளாளுக்குக் கீழ்த்தட்டு கேட்டார்கள், வேட்டி வாங்க வந்த ஒரு பெரியவர் உட்பட. தீபாவளிக் கூட்டத்தில் முதலாளி யாரைக் கோபித்துக்கொள்வார்?

"காட்டுங்க, காட்டுங்க" என்று எல்லாப் பல்லும் தெரியச் சொன்னார். கடை மூடும்வரை அத்தை உட்கார்ந்தே புடவை காட்டினாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் அத்தையோடு கடைக்குள் போனேன். முதலாளி சாம்பிராணிகூடப் போடவில்லை; முதல் வேலையாகக் கீழ்த்தட்டுகளைக் காலி செய்யச் சொன்னார். புடவைகள் எல்லாம் மேலே ஏறின. இனி அத்தை குனியவே வேண்டாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணாந்து அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், "ஒங்க மொதலாளி ரொம்ப நல்லவரு அத்தை" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.