ஷாகுல் பாய் அடக்கத்துக்கு நான் ஏன் வரவில்லை

செய்தி வந்தபோது நான் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் இருந்தேன். அன்று பிற்பகல் அங்கே ஒரு தலைமை ஆசிரியருக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. கூட்டத்தைச் சிரிக்கவைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, மேடையில் சொல்லவேண்டியதை எனக்கே சொல்லிப் பார்த்து, நானே சிரித்துக்கொண்டும் போனேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குவைத்தில் இருக்கும் ஷாகுல் பாயின் மகன் அனுப்பியிருந்தான். ‘அத்தா காலையில் மவுத்தாகிவிட்டார்கள். அடக்கம் இன்று 16:30.’

முதல் வரியை மறுபடியும் மறுபடியும் படித்தேன். இரண்டாவது வரியில் கண் நின்றுவிட்டது. கடிகாரத்தில் பதினாறு கிடையாது. அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். அப்பாவைப் பறிகொடுத்த பையன், பதற்றத்தில் ஒன்றைக் கூடுதலாக அடித்துவிட்டான் என்று முடிவு செய்து, அவனை மனதுக்குள் மன்னித்து, அந்த ஒன்றைக் கட்டை விரலால் மறைத்துப் பார்த்தேன். ஆறரை. விழாவை முடித்துவிட்டு நிதானமாகப் போய்விடலாம்.

இருந்தாலும் ஒரு சந்தேகம். நேரத்தில் சந்தேகம் வந்தால் நான் கேட்பது ஒரே ஆளிடம்தான். போனில் முதலில் இருக்கும் பெயரை அழுத்தினேன். மணி அடித்த பிறகுதான் உறைத்தது, யாருடைய அடக்க நேரத்தை யாரிடம் கேட்கப் போகிறேன் என்று. அவருடைய மகள் ரஷீதா எடுத்தாள்.

“சொல்லுங்க மாமா.”

பின்னால் பெண்கள் அழுவது கேட்டது. அந்தப் பெண்ணிடம் பதினாறு என்றால் எத்தனை மணி என்று எப்படிக் கேட்பது?

“வரேம்மா” என்றேன்.

“வாங்க மாமா” என்றாள்.

ஜங்ஷன் டீக்கடையிலிருந்து பாலக்கரை வரைக்கும் இப்போது என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊர் வம்பு என்னிடம் வராமல் எங்கேயும் போனதில்லை. ‘ஒரே தட்டுல சாப்புட்டவன், மண்ணு போட வரல பாரு.’ நியாயம்தான். ஷாகுல் பாயைத் தெரிந்த உங்களுக்கு நான் ஒரு விளக்கம் தரவேண்டியிருக்கிறது. விளக்கம் இதுதான்: எனக்கு எண்கள் தெரியாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாது. மேடையில் இதை நான் நூறு முறை சொல்லியிருக்கிறேன், நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். நூறு என்றது உத்தேசம்.

பாயின் நினைவாகப் போடும் இந்த மலருக்காக எழுதச் சொன்ன நண்பர், பாய் பிறந்த வருடம், மறைந்தபோது வயது, எங்கள் பழக்கம் எத்தனை ஆண்டு என்று மூன்று விவரம் கேட்டார். மூன்றும் என்னிடம் இல்லை. நாங்கள் பழக ஆரம்பித்தபோது என் மகள் மடியில் இருந்தாள். இப்போது அவள் மடியில் ஒருத்தி இருக்கிறாள். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனி. அவர் சூளை பார்ப்பவர், நான் பெட்டி கட்டுபவன். பார்க்க வாட்டசாட்டமானவர். தாடிக்கு மருதாணி போட்டுக்கொண்டு வந்து, சூளை வெக்கையில் சிவந்துவிட்டது என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சாதித்தார். நான் சேர்ந்த வருடம் கொலுவுக்கு முன்னால் கும்பகோணத்துக்கு ஒரு தசாவதார செட் அனுப்பினேன். பத்து பொம்மை. எண்ணித்தான் வைத்தேன். போன இடத்தில் திறந்து பார்த்தால் இரண்டு வாமனர் இருக்கிறார்கள், கல்கியைக் காணோம். முதலாளி என் முன்னால் நின்று, பத்து எண்ணத் தெரியாதவனை யார் வேலைக்கு எடுத்தது என்று கத்தினார். அவர்தான் எடுத்திருந்தார். ஆனால் அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “விடுங்க மொதலாளி. குள்ளமா இருக்காரு, இவன் கண்ணுல படல.”

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த முதலாளியால் வேலையைவிட்டு அனுப்ப முடியாது.

அவர் போனதும் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “எண்ணும்போது என்னா ஆவுது ஒனக்கு?”

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ‘ஏன் தெரியவில்லை’ என்றுதான் கேட்பார்கள். நான் சொன்னேன்: அஞ்சு வரைக்கும் பக்கத்தில் நிற்கிறது பாய், ஆறு என்றதும் அஞ்சு எங்கே போனது என்று திரும்பிப் பார்க்கிறேன், அதற்குள் ஆறும் போய்விடுகிறது.

அவர் சிரிக்கவில்லை. “அப்ப எண்ணாத கலியா. கதையச் சொல்லிக்கிட்டே வை.”

ஒரு தசாவதார செட்டை வரிசையாக எடுத்து வைத்தார். “மீனு. ஆமை. அடுத்தவரு. சிங்கம். குள்ளரு. கோடாலி. வில்லு. கலப்ப. புல்லாங்குழலு. குதிர. குதிர வந்துட்டா கத முடிஞ்சிது, பெட்டிய மூடு.”

மூன்றாவது வராகம். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். ஏன் பாய் என்று கேட்டேன். “ஒங்க சாமி, பேரு சொல்லிக் கூப்புட்டா மரியாத இல்ல. எங்களுக்கு அந்தப் பேரே ஆவாது. ரெண்டு பேருக்கும் பொதுவா அடுத்தவருன்னு வச்சிக்க.” அன்றிலிருந்து நானும் அடுத்தவர் என்றே சொல்லிப் பழகினேன். ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் “சரியா பாய்?” என்று குரல் கொடுப்பேன். அவர் சூளைப் பக்கமிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், “சரிதான், மூடு” என்பார். பார்க்காமல் எப்படிச் சரி என்று ஒரு நாள் கேட்டதற்கு, “நீ கத சொல்றது இங்க கேக்குதுடா” என்றார்.

நேரத்துக்கும் ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் கம்பெனிக்குப் பள்ளிவாசல் பாங்கு நன்றாகக் கேட்கும். எனக்கு அவர் மணி சொன்னதே கிடையாது. லுஹர் பாங்கு என்றால் சாப்பாடு, அஸர் என்றால் டீ, மக்ரிப் என்றால் சைக்கிளை எடு. பெருமாள் பேர் வைத்தவன் பாங்கில் வாழ்கிறான் என்று என் மாமனாருக்கு ஒரு வருத்தம் இருந்தது. அவருக்கு என் மேல் இருந்த வருத்தங்களில் அது சின்னது.

என்னால் அவருக்கு நடந்த நஷ்டத்தையும் சொல்லவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது சூளையை என்னிடம் விட்டுப் போனார். வழக்கமான ஆள் அன்று வரவில்லை. ஒரு சீட்டில் நாலு எழுத்தில் ஓர் எண் எழுதிக் கொடுத்து, மீட்டரில் இது வந்ததும் சுவிட்சை அணைத்துவிடு என்றார். நான் சீட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சீட்டில் இருந்த நாலு பேரும் மீட்டரில் இருந்தார்கள். ஆனால் இடம் மாறி மாறி உட்கார்ந்தார்கள். எப்போது சரியாக உட்காருவார்கள் என்று காத்திருந்தேன். பாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டே திரும்பி வந்தபோதும் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் சூளையைத் திறந்தோம். நின்றுகொண்டு உள்ளே போன யானைகள் எல்லாம் உட்கார்ந்துகொண்டு வெளியே வந்தன. சில யானைகள் படுத்துவிட்டன.

மீட்டர் கோளாறு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். பொய் சொன்னதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாக என்னிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தப்பு என்னுது. நீச்சல் தெரியாதவன கொளத்துக்குக் காவல் வச்சுட்டுப் போயிட்டேன்” என்றார். உட்கார்ந்த யானைகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் டிவி மேல் வைத்தார். வருகிறவர்கள் கேட்டால், “நம்ம கலியா பழக்குன யானை” என்பார்.

என் மகள் கல்லூரிக்குப் போன பிறகு எங்கேயோ படித்துவிட்டு வந்து, அப்பா உனக்கு இருப்பதற்கு ஒரு பேர் இருக்கிறது, டிஸ்கால்குலியா, சோம்பேறித்தனம் இல்லை, மூளையின் அமைப்பு, பிறவியிலேயே வருவது என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பெஞ்சு மேல் நிறுத்திவைத்த நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்து, அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாள் பாயிடம் ஓடினேன்.

“பேரு வச்சாச்சா? இனிமே நல்லா வளந்துரும்” என்றார். பிறகு, “மருந்து எதனா இருக்குதாமா?”

“இல்லியாம் பாய்.”

“சரி, நான் இருக்கறனே” என்று சொல்லிவிட்டு சூளைக்குள் எட்டிப் பார்த்தார்.

ரஷீதாவின் நிக்காஹுக்கு நான் ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டேன். புதுச் சட்டை, மனைவி பட்டுப்புடவை. பந்தலில் சமையல்காரர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அன்று என்னிடம் பேசியவற்றை இங்கே எழுத முடியாது. பாய் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜமுக்காளம் விரித்து உட்காரச் சொன்னார். “முந்தி வந்தா பரவால்ல கலியா. பிரியாணி ஒரு நாளு பொறுக்கும். என் மய்யித்துக்கு மட்டும் பிந்தி வந்துடாத. அங்க யாரும் பொறுக்க மாட்டாங்க.”

“வாய வைக்காதீங்க பாய்” என்று என் மனைவிதான் சொன்னாள்.

சேத்தியாத்தோப்பு மேடையில் நான் அந்த யானைக் கதையைத்தான் சொன்னேன். ஷாகுல் பாய் என்று ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார் என்றே ஆரம்பித்தேன். இருந்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நடுவில் அந்த ஊர்ப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. பாய் பழக்கியபடி பேச்சை நிறுத்திக் கை கட்டி நின்றேன். அதற்கும் கைதட்டினார்கள். பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து யானையைத் தொடர்ந்தேன். இங்கே அந்தத் தொழுகை முடிந்த கையோடு அவரைத் தூக்கியிருக்கிறார்கள்.

சால்வையோடு பஸ் ஏறினேன், விருந்துக்குக்கூட நிற்கவில்லை. பாய் வீட்டுத் தெருவுக்கு வந்தபோது இன்னும் மக்ரிப் பாங்கு சொல்லவில்லை. ஆறரைக்கு முன்னாலேயே வந்துவிட்டேன் என்று, இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமைப்பட்டேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்குகிறார்கள் என்று நினைத்தேன்.

பாயின் தம்பி ஜாபர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். “என்னாண்ணே, இப்ப வர்றீங்க?”

“ஆறரைக்குத்தான...”

“அஸருக்கப்புறம் நாலரைக்கே எடுத்துட்டமே.”

போனை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் என் கதை தெரியும். இதே மாதிரி எத்தனையோ முறை இவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஜாபர் சிரித்திருக்கலாம், நான் தாங்கியிருப்பேன்.

“இது நாலரைண்ணே. குவைத்துல அப்புடித்தான் போடுவாங்க” என்றார் மெதுவாக. “அண்ணன் இருந்தா ஒங்களுக்குச் சொல்லியிருக்கும்.”

கபர்ஸ்தானுக்கு அவரே கூட்டிப்போனார். ஈர மண் மேடாக இருந்தது. தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளை நட்டிருந்தார்கள். எல்லோரும் வந்துபோன செருப்புத் தடம் மண்ணில் அப்படியே இருந்தது. “மூணு கைப்புடி போடுங்கண்ணே. இப்பவும் போடலாம், ஒண்ணும் தப்பில்ல” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மூன்று வரைக்கும் எனக்கு வரும். சத்தியமாக வரும். அன்றைக்கு வரவில்லை. ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். அடுத்து அள்ளியது இரண்டாவதா, மூன்றாவதா, முதலிலேயே இரண்டு போட்டுவிட்டேனா என்று குழம்பி, கையில் மண்ணோடு நின்றேன். கேட்பதற்கு ஆள் மேட்டுக்கு அடியில் இருந்தார். மண்ணைக் கீழே போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மீனு. ஆமை. அடுத்தவரு.

சரியாகத்தான் இருக்கவேண்டும். பழக்க தோஷத்தில், “சரியா பாய்?” என்று கேட்டுவிட்டேன். ஜாபர் தன்னைக் கேட்டதாக நினைத்து, “ம், சரிண்ணே” என்றார்.

இப்போதும் கம்பெனியில் பெட்டி கட்டுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பத்துப் பெயர் வரிசைதான். குதிரை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை.