ஜலஜாவின் போர்ட்டோ படங்கள்

ஜலஜா காதலில் விழுந்துவிட்டாள் என்று யாராவது சொன்னால், அமெரிக்க ஊரான ஃபிரிஸ்கோவில் அவளைத் தெரிந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். வயது நாற்பத்து மூன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம். கார் ஓட்டுவாள், ஆனால் ஃப்ரீவே என்கிற அதிவேகச் சாலைப் பக்கம் போகமாட்டாள். கோயிலோ டாக்டரோ, கணவர் திருமூர்த்திதான் கூட்டிப்போக வேண்டும். ஒருமுறை இந்தியன் ஸ்டோருக்கு நடந்தே கிளம்பினாள். தெரிந்தவர்கள் மூன்று பேர் வண்டியை நிறுத்தி, "என்னாச்சு, கார் ரிப்பேரா?" என்று பதறிவிட்டார்கள். அதோடு நடையை விட்டாள்.

2008 கோடையில், இருபதாவது கல்யாண நாளுக்கு, இருவரும் போர்ச்சுகல் போவதாக இருந்தது. திருமூர்த்தி எல்லாவற்றையும் கடைசி நிமிஷத்தில் செய்கிற மகானுபாவர். தன் பாஸ்போர்ட் முடியப்போவதைத் தாமதமாகக் கவனித்து, அப்புறம் புதுப்பிக்க அனுப்பினார். அது திரும்பி வந்து, அதில் விசாவும் வாங்குவது நடக்கிற காரியமா? ஜலஜாவுக்கு விசா வந்துவிட்டது.

"டிக்கெட் வேஸ்ட் ஆகக் கூடாது. நீ மட்டும் போயிட்டு வா" என்றார்.

போர்ட்டோவில் முதல் நாள் முழுக்க ஹோட்டல் அறையில் அழுதாள். மறுநாள் பசி தாங்காமல் ரொட்டி வாங்கப் படியிறங்கினாள். அறைக்குத் திரும்ப நான்கு மணி நேரமாயிற்று. மேடும் பள்ளமுமாகச் சந்துகள், கொடிகளில் காயும் துணிகள், எந்தப் பக்கம் இறங்கினாலும் கடைசியில் ஆறு. அவள் நடந்துகொண்டேயிருந்தாள். ஒருவரும் வண்டியை நிறுத்தவில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் என்று கணவர் அச்செடுத்துக் கொடுத்த பட்டியல் பெட்டியிலேயே கிடந்தது. ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சு. தினமும் அதில் போய் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் விமானம் ஏறும்போது அழுதேவிட்டாள். ஒரு ஊருக்காக அழுகிற பைத்தியம் உலகத்தில் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

யாராவது டூர் போய் வந்தால் நண்பர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பாட்லக் வைத்து, டிவியில் படங்களைப் போட்டுப் பார்ப்பது ஃபிரிஸ்கோ வழக்கம். அந்தச் சனிக்கிழமை ஜலஜா வீட்டில் பதினைந்து பேர் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு சுவர் வந்தது. அப்புறம் படிக்கட்டு. அப்புறம் அந்தப் பெஞ்சு. மறுபடி பெஞ்சு.

"அம்மா, ஒய் ஸோ மெனி பெஞ்சஸ்?" என்றாள் மகள் ரக்ஷா.

"சர்ச்சு, மியூசியம் ஒண்ணும் போகலையா ஜலஜா? ஒரு படத்துல கூட நீ இல்லையே!" என்றாள் பக்கத்து வீட்டு மீனாக்ஷி.

திருமூர்த்தி மனைவியைக் காப்பாற்ற நினைத்தார். நல்ல மனுஷன், பாவம். "பரவால்ல, நெக்ஸ்ட் இயர் எல்லாரும் குரூப்பா போலாம். பத்து நாள், ஏழு சிட்டி. நானே புக் பண்றேன்."

"வேணாம். நான் தனியாதான் போவேன்."

இதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மீனாக்ஷி அப்பளம் எடுக்கும் சாக்கில் எழுந்து போனாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, அடுக்களையில் மிச்சத்தை டப்பாக்களில் மாற்றும்போது, திருமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அங்க... யாராவது இருக்காங்களா?"

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ, யாரும் இல்லீங்க. அதுதான் எனக்குப் புடிச்சிருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அவர் முகம் வாடுவதைக் கண்டாள். ஒருவன் இருக்கிறான் என்று சொல்லியிருந்தால்கூட மனுஷர் சண்டை போட்டிருப்பார். இதற்கு என்ன செய்வார்?

"அப்ப நாங்க கூட இருக்கிறதுதான் உனக்குக் கஷ்டமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர்மேல் ஆசை இல்லாமலா இருபது வருஷம் ஓடியது? ஆனாலும் அந்த வார்த்தை வரவில்லை.

"தெரியலைங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, டப்பாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார்.